பாதாமி, ஐஹொளே, பட்டடக்கல்: எதை எப்போது, எந்தப் பக்கம் நின்று பார்ப்பது

தமிழ்நாட்டிலிருந்து ஹம்பிக்குப் போகும் குழுக்களில் பாதிப் பேர் கடைசி நாளில் இந்த மூன்று ஊர்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள். விடியற்காலை ஹொசபேட்டேயில் வேன் ஏறி, 140, 150 கிலோமீட்டர் ஓடி, 10 மணிக்குப் பாதாமிக் குகைகள், 1 மணிக்குப் பட்டடக்கல், 3 மணிக்கு ஐஹொளே, இருட்டுவதற்குள் திரும்பப் புறப்பாடு. ஊருக்கு வந்த பிறகு கேட்டால் "நிறையக் கோயில், நல்ல வெயில்" என்பதற்கு மேல் எதுவும் நினைவில் இருக்காது. தப்பு அவர்கள் மேல் இல்லை. கர்நாடகத்தில் கல்லைப் பற்றித் தெரிந்துகொள்ள இதைவிட நல்ல வட்டாரம் எனக்குத் தெரிந்து கிடையாது. ஆனால் தப்பான வரிசையில், தப்பான நேரத்தில் போனால் அது ஒன்றும் பேசாது.

குறைந்தது இரண்டு முழு நாள் வேண்டும். பாதாமிக்கு ஒரு நாள், ஐஹொளேக்கும் பட்டடக்கல்லுக்கும் சேர்த்து ஒரு நாள். தங்குவது பாதாமியில்தான், மற்ற இரண்டு ஊர்களிலும் தங்க வசதி மிகக் குறைவு. பாதாமியிலிருந்து பட்டடக்கல் 22 கிலோமீட்டர், அங்கிருந்து ஐஹொளே இன்னொரு 13. பாதாமியில் ரயில் நிலையம் உண்டு, கதக்கிலிருந்து விஜயபுரா வழியாகச் சோலாப்பூர் போகும் பாதையில். நிலையம் ஊரைவிட்டு 5 கிலோமீட்டர் தள்ளியிருப்பதால் இரவில் இறங்குபவர்கள் தங்கும் விடுதியிடம் முன்பே ஆட்டோவுக்குச் சொல்லிவைப்பது நல்லது. விமானத்தில் வந்தால் ஹுப்பள்ளி. அங்கிருந்து சாலை வழியாக நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கிளம்பும் முன் ஒரு நாள் காஞ்சிபுரம் போய்க் கைலாசநாதர் கோயிலை நிதானமாகச் சுற்றிவிட்டு வாருங்கள். ஏன் என்பது பட்டடக்கல்லில் புரியும்.

பாதாமி: காலையில் கோட்டை, மாலையில் குகை

பழைய பெயர் வாதாபி. சாளுக்கிய அரசன் முதலாம் புலிகேசி 543இல் இங்கே கோட்டை கட்டியதை வடக்குக் குன்றின் பாறைக் கல்வெட்டு சொல்கிறது. நடுவில் அகஸ்திய தீர்த்தம் என்ற ஏரி. அதன் வடக்கிலும் தெற்கிலும் செங்குத்தாக எழும் இரண்டு செம்மணற்கல் குன்றுகள். தெற்குக் குன்றில் நான்கு குடைவரைகள். வடக்குக் குன்றில் கோட்டையும் மூன்று சிவாலயங்களும். கீழ்க்கரையில் பூதநாதர் கோயில். இந்த அமைப்பை மனதில் வாங்கிக்கொண்டால் வழி தவறாது.

எல்லோரும் செய்யும் தவறு, காலையில் முதலில் குகைக்கு ஓடுவது. குகைகள் வடக்குப் பார்த்தவை. செப்டம்பர் கடைசியிலிருந்து மார்ச் மூன்றாம் வாரம் வரை சூரியன் தெற்கே சாய்ந்தே ஓடுவதால், சுற்றுலாக் காலம் முழுக்க இந்தக் குகைகளுக்குள் நேர் வெயில் விழுவதே இல்லை. உள்ளே கிடைப்பதெல்லாம் எதிர்க் குன்றிலும் முன்தளத்திலும் பட்டுத் திரும்பும் வெளிச்சம்தான். மாலை 3 மணிக்கு மேல் எதிரே இருக்கும் வடக்குக் குன்று மேற்கு வெயிலில் சிவந்து எரியும்போது அந்தச் சிவப்பு இங்கே வந்து சேரும். அப்போதுதான் சிலைகளின் மார்பும் முழங்காலும் திரண்டு தெரியும். காலையில் அதே சிலை சாம்பல் பூத்துத் தட்டையாக இருக்கும்.

அதனால் காலையை வடக்குக் குன்றுக்குக் கொடுங்கள். தொல்லியல் துறை அருங்காட்சியகத்தை ஒட்டியே படிகள் தொடங்குகின்றன. அருங்காட்சியகம் வெள்ளிக்கிழமை விடுமுறை. பாதாமி நாள் வெள்ளியில் விழாதபடி பயணத்தை அமையுங்கள். உள்ளே இருக்கும் லஜ்ஜா கௌரி என்ற தாய்த்தெய்வச் சிலையை விட்டுவிடக் கூடாது. தலைக்குப் பதில் மலர்ந்த தாமரை, பிள்ளை பெறும் நிலையில் மடங்கிய கால்கள். பக்கத்து நாகநாதகொள்ளாவிலிருந்து கொண்டுவந்தது.

படி ஏறினால் இரண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவே ஓர் ஆள் அகலத்துக்குச் சந்து போகும். இந்தப் பாறை கிடைமட்டமாக அடுக்கடுக்காகப் படிந்தது. பிளந்தால் நெட்டுக்குத்தாகப் பிளக்கும். சந்து உருவானது அப்படித்தான். குகை குடைந்த சிற்பிகள் படுக்கை வரியைக் கூரையாகப் பிடித்துக்கொண்டு உள்ளே போயிருக்கிறார்கள். மாமல்லபுரத்துக் கருங்கல் இந்த வசதியைத் தராது. அங்கே உளி ஒவ்வொரு அங்குலத்துக்கும் போராட வேண்டும். இங்கே கல் மென்மையாக வழிவிடும், அதனாலேயே உருவங்கள் பின்சுவரைவிட்டு அவ்வளவு தூரம் முன்னே வந்து நிற்கின்றன. அதற்கு விலையும் உண்டு. மழைநீர் ஊறிய இடங்களில் செதில் செதிலாக உதிர்கிறது. தயவுசெய்து சிற்பங்களைத் தொடாதீர்கள், சாயாதீர்கள்.

மேலே மேல் சிவாலயம், வழியில் கீழ் சிவாலயம், மேற்கே தனிப் பாறை மேல் மாலெகித்தி சிவாலயம். மூன்றில் ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் மாலெகித்தியைப் பாருங்கள். 7ஆம் நூற்றாண்டுக் கோயில், சின்னது, ஆனால் முழுதாக நிற்கிறது. அதிட்டானம் என்கிற அடித்தளம், சுவர், கபோதம் என்கிற வளைந்த கூரை விளிம்பு, அதன் மேல் மாலைபோல் சுற்றிவரும் சிறு கோயில் வடிவங்கள், எண்பட்டைச் சிகரம் என்று தமிழ்நாட்டுக் கண்ணுக்குப் பழகிய அத்தனையும் இருக்கும். நம்மூர் வேலை இங்கே எப்படி என்று தோன்றும். திராவிட பாணி என்பது பல்லவ நாட்டோடு முடிந்துபோகும் ஒன்றல்ல. துங்கபத்திரைக்கு வடக்கேயும் அதே காலத்தில் அது சொந்தமாகவே வளர்ந்திருந்தது.

9 மணிக்குத் தொடங்கினால் 12க்குள் இறங்கிவிடலாம். ஏப்ரல், மே என்றால் 10 மணிக்கே பாறை கொதிக்கும். அந்த மாதங்களைத் தவிர்ப்பதே மேல். ஜூலை முதல் செப்டம்பர் வரை வேறொரு அழகு உண்டு. கனமழை பெய்த சில மணி நேரத்துக்கு வடக்குக் குன்றின் விளிம்பிலிருந்து இரட்டை அருவி கொட்டும். அக்கா தங்கி என்று பெயர். மழை நின்றால் அதுவும் சீக்கிரம் நின்றுவிடும்.

குரங்குகளைப் பற்றி நிறையப் பேர் எச்சரிப்பார்கள்; சரிதான். ஆனால் அவை குறிவைப்பது ஆளை அல்ல, கவரை. கையில் பிளாஸ்டிக் பை தொங்கினால் அது போச்சு. தண்ணீர் பாட்டிலைக்கூட ஜிப் போட்ட பைக்குள் வைத்து முதுகில் மாட்டுங்கள். பிடுங்க வந்தால் இழுபறி வேண்டாம், விட்டுவிடுங்கள். இறங்கி ஓடினால் படியில் தவறி விழுவதுதான் பெரிய ஆபத்து.

மூன்றாம் குகையின் முன் ஒரு மணி நேரம்

உள்ளூரில் குகைகளுக்கு மேணபஸதி என்று பெயர். சீட்டு 25 ரூபாய். 15 வயதுக்குட்பட்டவர்களுக்கு இல்லை. மொத்தம் 200 படிகள் சுமாராக இருக்கும், நான்கு குகைகளுக்கும் பிரித்துப் பிரித்து ஏறுவதால் பெரியவர்களுக்கும் முடியும். 3 மணிக்கு உள்ளே போனால் சரியாக இருக்கும்.

முதல் குகை சிவனுடையது. வாசலுக்கு வெளியே வலப்பக்கப் பாறையில் பதினெட்டுக் கை ஆடல்வல்லான். வழிகாட்டிகள் ஒரு பக்கத்துக் கை ஒன்றையும் மறுபக்கத்துக் கை ஒன்றையும் சேர்த்து 81 முத்திரை என்று கணக்குக் காட்டுவார்கள். பெருக்கல் சரி, சிற்பி அப்படி நினைத்தான் என்பதற்கு ஆதாரம் இல்லை. அதைவிடக் கவனிக்க வேண்டியது காலடியில் மத்தளம் வாசிப்பவரையும், பக்கத்தில் நிற்கும் பிள்ளையாரையும். இடப்பக்கத் துவாரபாலகருக்குக் கீழே ஒரே தலையை யானையும் காளையும் பங்கிட்டுக்கொள்ளும் உருவம் இருக்கிறது. ஒரு பாதியைக் கையால் மறைத்துவிட்டுப் பார்க்கச் சொன்னால் குழந்தைகள் துள்ளுவார்கள். உள்ளே அரிகரனும் அர்த்தநாரியும், மண்டபக் கூரையில் சுருண்டு கிடக்கும் நாகராஜனும்.

இரண்டாவது குகையில் திரிவிக்கிரமனையும் வராகத்தையும் பார்த்துவிட்டு வேகமாக மேலே போய்விடலாம். அதே இரண்டும் மூன்றாவதில் இன்னும் பெரிதாக இருக்கின்றன.

மூன்றாவது குகைதான் பாதாமி. முகப்பு சுமார் 70 அடி அகலம், ஆறு தூண்கள். தாழ்வாரத்தின் ஒரு கோடியில் அனந்தன் மேல் உட்கார்ந்திருக்கும் திருமால். நம்மூரில் பள்ளிகொண்டவரைப் பார்த்தே பழகியவர்களுக்கு, பாம்பின் சுருளையே சிம்மாசனமாக்கி ஒரு காலை மடக்கி உட்கார்ந்த இந்தக் கோலம் புதிது. மறு கோடியில் நிற்கும் நரசிம்மர். இரணியனும் இல்லை, கிழிபட்ட குடலும் இல்லை. வேலை முடிந்து இளைப்பாறுவதுபோல் இடுப்பைச் சற்றே ஒடித்து நிற்கிறார். தூண்களின் மேல் பலகைகளில் காதலர் இணைகள். அண்ணாந்து பார்த்தால் கூரை விளிம்பின் வளைவில் மங்கிப்போன ஓவியத் துணுக்குகள் தெரியும். கண் இருட்டுக்குப் பழக இரண்டு நிமிடமாவது வேண்டும்.

இப்போது கைபேசி டார்ச்சை எடுங்கள். தாழ்வாரத்தில் சுவரோடு ஒட்டிய அரைத்தூண் ஒன்றில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. நேராக அடித்தால் எழுத்து மறைந்துவிடும். டார்ச்சைச் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால் ஒவ்வொரு பள்ளத்திலும் நிழல் விழுந்து வரிகள் எழுந்து வரும். எல்லாக் கல்வெட்டுக்கும் இதே வழிதான். சக ஆண்டு 500, கார்த்திகைப் பௌர்ணமி என்று அதில் இருக்கிறது, அதாவது 578. முதலாம் புலிகேசியின் மகன் மங்களேசன் இந்தத் திருமால் கோயிலைச் செய்வித்து, அதன் புண்ணியத்தைத் தன் அண்ணன் கீர்த்திவர்மனுக்கு நீர் வார்த்துக் கொடுக்கிறான். தக்காணத்தில் தேதி உறுதியாகத் தெரிந்த இந்துக் குடைவரைகளில் இதுவே ஆகப் பழையது. தொண்டை மண்டலத்தில் மகேந்திரவர்மன் மண்டகப்பட்டில் "செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல்" கோயில் எடுத்ததாகப் பெருமையோடு எழுதியது இதற்குப் பிறகுதான்.

மங்களேசன் பெயரை மனதில் வையுங்கள். மறுநாள் காலை ஐஹொளேயில் அவன் முடிவு காத்திருக்கிறது.

நான்காவது குகை சமணருடையது; பாகுபலியின் தொடையைச் சுற்றும் கொடியையும் பார்சுவநாதர் தலைமேல் விரிந்த படத்தையும் பாருங்கள். முக்காலி வைத்துப் படம் எடுக்கத் தொல்லியல் துறையின் முன் அனுமதி வேண்டும். அது இல்லாமல் கொண்டுபோனால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். 4.45க்கு இறங்கி ஏரிக்கரை வழியாகக் கிழக்கே நடந்தால் பூதநாதர் கோயில். முன்மண்டபம் தண்ணீரை நோக்கி நீட்டியிருக்கும். பொழுது சாயும் வெயில் நேராக அதன் முகத்தில் விழும். இந்த அரை மணி நேரத்துக்காகத்தான் நாளைத் திருப்பிப் போட்டது.

இந்தப் பக்கத்துப் பாறைச் சரிவில் கப்பெ அரபட்டன் என்ற வீரனின் கல்வெட்டு இருக்கிறது. ஏறத்தாழ 700ஆம் ஆண்டைச் சேர்ந்தது, கன்னடத்தில் கிடைத்த ஆகப் பழைய மூன்றடிப் பாட்டு. "ஸாதுகெ ஸாது, மாதுர்யங்கெ மாதுர்யம்" என்று தொடங்குகிறது: நல்லவனுக்கு நல்லவன், இனியவனுக்கு இனியவன். அந்த "கெ" நம் "க்கு"தான். அடுத்த வரி கலி என்கிறது, மாதவன் என்கிறது. கொடுமை செய்யும் கலியையும் எதிர்த்து நிற்பவன், மாதவனே தவிர வேறல்லன் என்று முடியும். 1300 ஆண்டுக்கு முந்தைய கன்னடத்தில் பாதி நமக்குப் புரிகிறது. தமிழர் ஒருவர் அந்தப் பாறையின் முன் நின்று வாய்விட்டு ஒருமுறை படிக்க வேண்டும்.

வாதாபி என்றவுடன் நமக்கு நரசிம்மவர்மன் நினைவு வரும். 642இல் அவன் இந்த ஊரைப் பிடித்ததற்கு இங்கேயே சான்று உண்டு. அவன் ஆட்சியாண்டு 13 என்று குறிக்கும் பல்லவ எழுத்துக் கல்வெட்டு ஒன்று ஊரில் பாறையில் இருக்கிறது. சிதைந்த வரிகள், இடத்தை அருங்காட்சியகத்தில் கேட்டுக்கொண்டு போவது நல்லது. பல்லவர் கையில் ஊர் ஏறத்தாழ 12, 13 ஆண்டு இருந்தது. வாதாபிப் பிள்ளையாரைச் சிறுத்தொண்டர் இங்கிருந்து திருச்செங்காட்டங்குடிக்குக் கொண்டுபோனதாக நாம் சொல்வது செவிவழி மரபு. சிறுத்தொண்டர் வாதாபிப் போரில் இருந்ததைப் பெரியபுராணம் சொல்கிறது. பிள்ளையாரைப் பற்றி அதில் பேச்சில்லை. பாதாமியில் "எங்கள் பிள்ளையார் எங்கே இருந்தார்" என்று தேடுபவர்களுக்கு எந்த இடத்தையும் யாரும் உறுதியாகக் காட்ட முடியாது.

சாப்பாடு: ஜோள ரொட்டி, எண்ணெய்க்காயி என்கிற மசாலா அடைத்த கத்தரிக்காய், கடலைப் பொடி, கெட்டித் தயிர். ஊரிலிருந்து 5 கிலோமீட்டரில் உள்ள பனசங்கரி கோயில் வாசலில் பெண்கள் கூடையில் கொண்டுவந்து இதையெல்லாம் விற்பார்கள். ரொட்டி இரண்டு வகை. சூடாகத் தட்டிய மெத்தென்றது ஒன்று, அப்பளம்போல் காயவைத்த கடக் ரொட்டி ஒன்று. இரண்டாவது வாரக்கணக்கில் கெடாது, பயணத்துக்கு வாங்கிக்கொள்ளலாம். ஜனவரி வாக்கில் தைப் பௌர்ணமியை ஒட்டிப் பனசங்கரி ஜாத்திரை. அந்த நாட்களில் பாதாமியில் அறை கிடைப்பது கடினம்.

நேரம் மிஞ்சினால் மகாகூடம். 14 கிலோமீட்டர், ஊற்றுநீர் நிரம்பிய குளம், நடுவில் ஐந்துமுக லிங்கம் உள்ள சிறு மண்டபம், மரநிழலில் கோயில்கள். மாற்றுத் துணி எடுத்துப் போங்கள், தண்ணீரைப் பார்த்தால் இறங்காமல் வர மனம் வராது.

ஐஹொளே: முதலில் மலை

இரண்டாம் நாள் காலை 6.30க்குப் பாதாமியை விட்டுக் கிளம்ப வேண்டும். இங்கே ஒரு நடைமுறைச் சிக்கல். பாதாமியிலிருந்து பட்டடக்கல்லுக்குப் பேருந்து ஓரளவு உண்டு. பட்டடக்கல்லுக்கும் ஐஹொளேக்கும் நடுவே குறைவு. பேருந்தை நம்பி மதியத்துக்கு மேல் ஐஹொளே போனவர்கள் திரும்ப வண்டி இல்லாமல் மாட்டிக்கொள்வது வழக்கம். நாள் முழுக்க ஆட்டோவோ காரோ பேசிக்கொள்ளுங்கள். "மூன்று இடம்" என்று பேசாமல் மணிக்கணக்கில் பேசுங்கள். இல்லையென்றால் ஓட்டுநர் ஒவ்வொரு இடத்திலும் அரை மணியில் ஹார்ன் அடிப்பார்.

வண்டியை நேராக மேகுத்திக் குன்றடியில் நிறுத்தச் சொல்லுங்கள். பாதி வழியில் இரண்டடுக்குப் பௌத்த விகாரம், உச்சியில் சமணக் கோயில். அதன் கிழக்கு வெளிச்சுவரில் கவி ரவிகீர்த்தி எழுதிய கல்வெட்டு. கிழக்குச் சுவர் என்பதால் காலை வெயில்தான் அதற்கு விளக்கு; 11 மணிக்கு மேல் போனால் வெளிச்சம் தலைக்கு மேலே போய்விடும். முதலில் மலை என்றது இதனால்தான்.

சக ஆண்டு 556, அதாவது 634, 635. இரண்டாம் புலிகேசியின் புகழைச் சமஸ்கிருதக் கவிதையாகச் சொல்லும் பத்தொன்பது வரிகள். மங்களேசன் தன் மகனுக்கு அரசைக் கொடுக்கப் பார்த்து, அந்த முயற்சியோடு தன் உயிரையும் இழந்த கதை இங்கே வருகிறது. அண்ணனுக்குப் புண்ணியம் வார்த்தவனை வீழ்த்தியவன் அந்த அண்ணனின் மகனான இந்த இரண்டாம் புலிகேசி. வடநாட்டுப் பேரரசன் ஹர்ஷனைப் புலிகேசி தோற்கடித்ததைச் சொல்லும் இடத்தில் கவி ஒரு சொல்லை இரண்டு முறை வைக்கிறான்: "பய விகலித ஹர்ஷோ யேன சாகாரி ஹர்ஷ:". பயத்தால் ஹர்ஷம் வடிந்துபோனவனாக ஹர்ஷனை ஆக்கினான் என்று பொருள். ஹர்ஷம் என்றால் மகிழ்ச்சி. பல்லவர் தலைவனைக் காஞ்சி மதிலுக்குள் ஒளியவைத்ததாகவும், காவிரியைக் கடந்து சோழர், கேரளர், பாண்டியருக்கு வாழ்வளித்ததாகவும் சொல்லிவிட்டு, கடைசியில் தன்னைக் காளிதாசனுக்கும் பாரவிக்கும் நிகர் என்கிறான். அந்தப் பெருமை வரலாற்றுக்குக் கைகொடுத்தது. காளிதாசன் 634க்குப் பிந்தியவன் அல்லன் என்று உறுதியாகச் சொல்ல உதவுவது இந்தச் சுவர். எழுதிய எட்டாம் ஆண்டில் பல்லவன் வாதாபிக்குள் நுழைந்துவிட்டான் என்பது ரவிகீர்த்திக்குத் தெரிய வழியில்லை.

கீழே இறங்கினால் துர்க்கா கோயில். துர்க்கைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. துர்க்கம் என்றால் கோட்டை, கோட்டையை ஒட்டிய கோயில் என்பதால் வந்த பெயர். பின்பக்கம் வளைந்த தூங்கானை மாடம், சுற்றிலும் தூண் வரிசையோடு நடைபாதை. இதை முன்னிருந்து பார்த்துவிட்டுப் போகாதீர்கள். இடப்பக்கம் ஏறி நடைபாதையில் வலம் வாருங்கள். கோட்டங்கள் என்கிற சுவர் மாடங்களில் நந்தியோடு சிவன், நரசிம்மர், வராகர், மகிடனைக் குத்தும் தேவி, அரிகரன் என்று ஒருவர் பின் ஒருவராக வருவார்கள். வளைவில் திரும்பும்போது அடுத்த சிலை தூண் மறைவிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளிப்படும். நடந்துகொண்டே பார்க்கத்தான் இதைக் கட்டியிருக்கிறார்கள்.

பக்கத்தில் லாட்கான் கோயில். முன்பொரு காலத்தில் இதில் குடியிருந்தவர் பெயர் அப்படியே நின்றுவிட்டது. சரிவான கற்பலகைக் கூரை. பலகைகளின் இடுக்கில் மழை இறங்காமலிருக்க மேலே நீளநீளமாகக் கல் சட்டங்களைப் பதித்திருக்கிறார்கள், மரக்கட்டையைப் போல. மரத்தில் தெரிந்த வேலையைக் கல்லில் செய்து பார்த்திருக்கிறார்கள். கூரைக்கு ஏறவும் ஒரே கல்லில் செதுக்கிய ஏணிதான். பழைய நூல்களும் பல வழிகாட்டிகளும் இதை 5ஆம் நூற்றாண்டு என்பார்கள். இப்போது ஆய்வாளர்கள் பெரும்பாலும் இதை 7ஆம் நூற்றாண்டுக்கும் பிந்தியதாகவே வைக்கிறார்கள்.

ஊரைச் சுற்றி நூற்றுக்கு மேல் கோயில்கள். அத்தனையும் பார்க்க நினைப்பது வீண். ராவணபடிக் குகையை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். பத்துக்கை ஆடல்வல்லானைச் சுற்றி ஏழு கன்னிமாரும் சேர்ந்து ஆடுகிறார்கள். கன்னிமாரின் மடிப்பு மடிப்பான ஆடையும் உயரமான மகுடமும் வேறெங்கும் காணாதவை.

ஐஹொளேயின் பழைய பெயர் அய்யாவொளே. தமிழ்க் கல்வெட்டுகளில் வரும் திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற பெருவணிகக் குழு தன் தாய்வீடாகச் சொல்லிக்கொண்டது இந்த ஊரைத்தான். சுமத்ராவின் லோபு துவாவில் 1088இல் அவர்கள் வைத்த தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. ஆடு மேயும் இந்தத் தெருக்களின் பெயரைச் சொல்லிக்கொண்டு கடல் தாண்டியிருக்கிறார்கள்.

பட்டடக்கல்: இரண்டு பாணி, ஒரு மைதானம்

மதியம் 1 மணிக்கு வந்தால் போதும். உலகப் பாரம்பரியச் சின்னம், 1987 முதல். சீட்டு 40 ரூபாய். மலப்பிரபா இங்கே வடக்கு நோக்கி ஓடுவதால் புனிதமான இடமாகக் கருதப்பட்டு, சாளுக்கியர் முடிசூடிய ஊர்.

உள்ளே நுழைந்ததும் புல்வெளியில் எட்டுக் கோயில் நெருக்கமாக நிற்கும். பெயர்களைப் படிக்கத் தொடங்காமல் முதலில் கோபுர நுனிகளைப் பாருங்கள். சிலவற்றின் விமானம் வளைந்து மேலேறி, உச்சியில் விலா எலும்புபோல் வரிவரியான தட்டுக்கல்லில் முடியும். அதற்கு ஆமலகம் என்று பெயர், நெல்லிக்கனி. வெட்டிய பெருநெல்லியை நினைத்துக்கொண்டால் மறக்காது. இவை நாகரம் என்கிற வடநாட்டுப் பாணி: காடசித்தேசுவரர், ஜம்புலிங்கர், களகநாதர், காசி விசுவநாதர். மற்றவை படிப்படியாகத் தளங்கள் குறுகி, மேலே குடைபோன்ற சிகரத்தோடு நிற்பவை. இவை திராவிடம்: சங்கமேசுவரர், விருபாட்சர், மல்லிகார்ச்சுனர். வடக்கும் தெற்கும் இருபதடி இடைவெளியில் நிற்பதை வேறெங்கும் இவ்வளவு சுலபமாகப் பார்க்க முடியாது. வளாகத்துக்குள் இரண்டாம் கீர்த்திவர்மன் காலத்துத் தூண் ஒன்று இருக்கிறது, 754ஆம் ஆண்டு. ஒரே சமஸ்கிருத வாசகத்தை வடநாட்டுச் சித்தமாத்ருகா எழுத்தில் ஒருமுறை, உள்ளூர்க் கன்னட எழுத்தில் ஒருமுறை வெட்டியிருக்கிறார்கள். கோயிலில் செய்ததையே எழுத்திலும் செய்திருக்கிறார்கள்.

இப்போது விருபாட்சர். இரண்டாம் விக்கிரமாதித்தனின் பட்டத்தரசி லோகமாதேவி எடுத்தது, 740களில். கிழக்கு வாசல் கல்வெட்டு, காஞ்சியை மும்முறை வென்றவனின் தேவி கட்டியது என்கிறது. கட்டிய சூத்திரதாரி, அதாவது தலைமைக் கலைஞன், குண்டனின் பெயரையும் சொல்கிறது. சர்வசித்தி ஆசாரி என்ற இன்னொரு தலைவனுக்குப் பட்டம் "தெங்கண திசைய சூத்ரதாரி". தென்திசையின் கலைஞன். அவன் காஞ்சியிலிருந்து வந்தவன் என்று எழுதுபவர்கள் உண்டு; கல்வெட்டு அவ்வளவு சொல்லவில்லை.

காஞ்சியைப் பார்த்துவிட்டு வரச் சொன்னது இதற்கு. கைலாசநாதரை மனதில் வைத்துக்கொண்டு தென்பக்கச் சுவரின் எதிரே நில்லுங்கள். குளிர்கால மதிய வெயில் தெற்குச் சுவர்களில்தான் விழும். வடக்குச் சுவர் நாள் முழுதும் நிழல். ஒப்பிட்டுப் பார்த்தால் உறவும் தெரியும், விலகலும் தெரியும். தளங்கள் ஏறும் முறை, கூடுகள், மதிலை ஒட்டிச் சிறு சன்னதிகள் எல்லாம் சொந்தம். ஆனால் காஞ்சியில் சுவரின் ஒவ்வொரு முனையிலும் பின்னங்காலில் நிற்கும் சிங்கங்கள் இங்கே இல்லை. சுவர் அமைதியாக இருக்கிறது. அவற்றின் இடத்தில் கல் சாளரங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பின்னல். உள்ளே கருவறையைச் சுற்றும் பாதைக்கு வெளிச்சம் தருவது அவைதான். காஞ்சியில் அந்தப் பாதையில் குனிந்து தவழ வேண்டும். இங்கே நிமிர்ந்து நடக்கலாம். விமானத்தின் முன்பக்கம் மூக்குப்போல் நீட்டிக்கொண்டிருக்கும் சுகநாசி காஞ்சியில் இல்லாதது, தக்காணத்தார் சேர்த்தது. கல்லும் வேறு. காஞ்சிச் சுவரில் சுதை பூசிப் பூசி உளித்தடம் மறைந்துவிட்டது. இங்கே செம்மணற்கல்லில் நகக்கண் வரை தெரிகிறது.

பூசை நடக்கும் கோயில் என்பதால் செருப்பைக் கழற்ற வேண்டும். 2 மணிக்குத் தளக்கல் சுடும், காலுறையோடு போகலாம். உள் தூண்களில் ராமாயண, பாரதப் பட்டைகள்: அம்புப் படுக்கையில் பீஷ்மர், ராவணனை மறிக்கும் ஜடாயு. எதிரே நந்தி மண்டபத்தில் கருங்கல் நந்தி, துணி போர்த்தி.

பக்கத்தில் உள்ள மல்லிகார்ச்சுனர், இன்னொரு அரசி திரைலோக்கியமாதேவி எடுத்தது. அவள் லோகமாதேவியின் தங்கை. அக்கா கோயிலின் அச்சு, அளவில் கொஞ்சம் சிறிது; சிகரம் மட்டும் சதுரமாக இல்லாமல் அரைக்கோளம். இரண்டையும் ஒரே பார்வையில் பிடிக்க மதிலுக்கு வெளியே ஆற்றுப்பக்கம் போக வேண்டும்.

பெரும்பாலோர் இங்கேயே திரும்பிவிடுகிறார்கள். விருபாட்சரிலிருந்து தெற்கே அரை கிலோமீட்டர் நடந்தால் பாபநாதர் கோயில், ஆற்றங்கரையில் தனியாக. நீண்ட உடம்பு, அதற்குப் பொருத்தமில்லாமல் பின்னால் குட்டையான நாகர விமானம்; அளவு கைமீறிப்போன கோயில் என்றே சொல்வேன். ஆனால் தெற்குச் சுவரைப் பாருங்கள். ராமாயணம் முழுதும் பலகை பலகையாக, பாத்திரங்களின் பெயரை எழுதியே வைத்திருக்கிறார்கள். 4 மணி வெயில் நேராக அதில் விழும். வடக்குச் சுவரில் அர்ச்சுனனும் வேடனும்; அதற்கு டார்ச் தேவைப்படும். இந்தக் கோயிலுக்கு முக்கால் மணி நேரம் ஒதுக்கிவிட்டுத்தான் மற்றதைக் கணக்கிடுங்கள்.

திரும்பும் வழியில் குளேதகுட்டா. ரவிக்கைக்குக் கட்டும் கணத் துணி நெய்யும் ஊர். இதே மாவட்டத்தில்தான் இளகல், சேலைக்கு. கடை 8 மணி வாக்கில் சாத்திவிடும்.

ஊர் திரும்பியபின் ஒரு வேலை மிச்சமிருக்கும். காஞ்சிக் கைலாசநாதர் கோயிலில் கருவறைக்கு முன்னால் உள்ள மண்டபத் தூண் ஒன்றில், தமிழ் அல்லாத எழுத்தில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. முதல்முறை கவனிக்காமல் கடந்திருப்பீர்கள். பட்டடக்கல்லின் விக்கிரமாதித்தன் வெட்டிவைத்த கன்னடக் கல்வெட்டு அது. காஞ்சியைப் பிடித்தபின் இந்தக் கோயிலின் செல்வத்தைப் பார்த்ததாகவும், எடுத்துக்கொள்ளாமல் இறைவனுக்கே திருப்பிக் கொடுத்ததாகவும் எழுதியிருக்கிறான். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடியுங்கள்.